அமெரிக்க மாப்பிள்ளையா? வரிக் கணக்கைக் கேளுங்க!

நெய்வேலி டவுன்ஷிப்பில் அமெரிக்க மாப்பிள்ளைக்குத் தனி மவுசு! ஜாதகம் பார்க்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம். தாலி ஏறிய பிறகுதான் கேள்வி வருகிறது: மாப்பிள்ளை வருமானம் என்ன?

மனைவியைக் குடியேற்ற விசாவில் அழைப்பவர் 'ஐ-864' என்ற ஜாமீன் பத்திரம் தர வேண்டும். வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டைப் போல் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025-ம் ஆண்டுக் கணக்கில், இருவர் குடும்பத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 26,437 டாலர். பெரிய தொகையில்லை, வேலை போயிருந்தால் அதுவே மலை!

"என் சம்பளத்தைக் காட்டுறேன்" என்று மாமனார் மார்தட்டலாம். செல்லாது! கூட்டு ஜாமீன்தாரரும் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்கணும், அங்கேயே குடியிருக்கணும். நம்ம குவார்ட்டர்ஸும் உதவாது. அது கம்பெனி வீடாச்சே! பெண் பேரில் டெபாசிட் இருந்தால் காட்டலாம். ஆனால் குடிமகனின் மனைவிக்கே, குறைகிற தொகையைப் போல் 3 மடங்கு வேணும்.

சட்டம் கொடுமை என்று சொல்ல மாட்டேன். விவாகரத்து ஆனாலும் அந்த ஜாமீன் விலகாது. ஊர் விட்டு ஊர் போகும் பெண்ணுக்கு அது ஒரு பிடிமானம்.

தப்பு நம்முடையது. நகைக் கணக்கு பேசுகிறவர்கள் வரிக் கணக்கைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே கேளுங்க. சம்பந்தி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கல்யாணமாகியும் அப்பா வீட்டு வாசலில் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கும் பெண்ணின் முகம் வாடுவதைவிட அது எவ்வளவோ மேல்!