இதயம் நிற்கும் வேளையில் உயிரைக் காப்பவருக்கு ஒத்திகை போதுமா?

சிம்பாங் ரெங்கம்: இவ்வட்டாரத் தோட்டங்களிலிருந்து இதய அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர்களில் பலர் நாடுவது ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையை அல்லது கோலாலம்பூர் தேசிய இதயக் கழகத்தை. அறுவை செய்யும் மருத்துவர் யார் என்று குடும்பத்தார் விசாரிப்பதுண்டு. இதயம் நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் இரத்த ஓட்டத்தைக் காப்பவர் யார் என்று கேட்பவர் குறைவு.

அவர்தான் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட். இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 முதல் 5 லிட்டர் அளவில் உடலுக்குத் திருப்பி அனுப்புவது அவர் பொறுப்பு.

1953 மே 6ஆம் தேதி அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் டாக்டர் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணுக்கு இவ்வியந்திரத்தின் துணையுடன் வெற்றிகரமாக அறுவை செய்தார். அதன் பின்னர் இயந்திரம் வெகுவாக மேம்பட்டாலும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. குழாயில் புகும் காற்று மூளையை எட்டலாம். பிராணவாயு ஏற்றும் பகுதியில் இரத்தம் உறையலாம். மின்சாரமும் பேட்டரியும் கைவிட்டால் பம்ப்பைக் கையால் சுற்ற வேண்டும். தாமதமானால் சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும்.

இவை அரிதாக நடப்பவை என்பதே சிக்கல். ஐரோப்பிய, அமெரிக்கச் சான்றிதழ் விதிகள் ஆண்டுக்குச் சராசரியாக 40 அறுவைகளில் பணியாற்றியிருக்க வேண்டும் என்கின்றன. அந்த 40இலும் ஓர் ஆபத்துகூட நேராமல் போகலாம். அனுபவம் கூடும், ஆபத்தைச் சமாளிக்கும் பழக்கம் வராது.

இந்தக் குறையைப் போக்குவது பாவனைப் பயிற்சி. அசல் இயந்திரத்துடன் நோயாளிக்குப் பதில் திரவம் நிரம்பிய மாதிரி இணைக்கப்படுகிறது. இரத்த அழுத்தத்தைக் கணினி மாற்றிக் காட்டும். பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் கோளாறை உண்டாக்குவார். தவறினால் மறுபடி செய்யலாம். யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

விலையுயர்ந்த கருவி வாங்கினால் மட்டும் போதாது. பம்ப்பைக் கையால் சுற்றுவதையும் பழுதான பகுதியை மாற்றுவதையும் நீர் நிரப்பிய சாதாரணக் குழாய்த் தொகுதியிலேயே பழகலாம். தேவைப்படுவது பணி அட்டவணையில் அதற்கென ஒதுக்கப்படும் நேரம்.

செம்பனை ஆலையில் பாய்லரை இயக்க அரசாங்கச் சான்றிதழ் வேண்டும் என்பது தோட்ட மக்கள் அறிந்ததே. மனித உயிரைத் தாங்கும் இயந்திரத்துக்கோ சான்றிதழோடு இடைவிடாத ஒத்திகையும் வேண்டும்.

இதய நோய்க்கு வழிவகுக்கும் நீரிழிவு, நாட்டில் இந்தியர்களிடையே அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அந்த ஒத்திகை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை நடக்கிறது என்ற கேள்வியை நம் சமுதாயமும் எழுப்ப வேண்டும்.