ஊட்டி மலையில் ஒரு 'பேட்டரி': பழைய அணைகள் இருக்க, புது அணை எதற்கு?

சாயங்காலம் ஆறு மணி. வீடு திரும்பியவர்கள் லைட், டிவி, ஏசி எல்லாத்தையும் போடுகிறார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் கமுதி சோலார் பேனல்கள் டியூட்டி முடித்துக் கிளம்புகின்றன. முப்பந்தல் காற்றாலைகளும் மே முதல் செப்டம்பர் வரைதான் முழு வேகத்தில் சுற்றும். பகல் வெயிலை ராத்திரிக்குச் சேர்த்துவைக்க வழியில்லாதவரை, நிலக்கரியை விட முடியாது.

சேமிப்பது எப்படி?

நீலகிரியில் மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி-எமரால்டு அணைகள். பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். மாலையில் அதே தண்ணீரைத் திறந்துவிட்டால் டர்பைன் சுற்றும். அவ்வளவுதான். இதுதான் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம்.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைப்பது சுமார் 1 யூனிட். அதனால்தான் இதற்கு மலையும் வேணும், பெரிய அணையும் வேணும்.

நஷ்டம்தானே?

100 யூனிட் செலவழித்து ஏற்றினால், திரும்பக் கிடைப்பது 75 முதல் 80 யூனிட்தான். ஆனால் ஏற்றுவது மதியம் மிஞ்சும் மின்சாரம். கிடைப்பது மாலைத் தட்டுப்பாட்டு நேரத்தில். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்தே இதைச் செய்துகாட்டுகிறது.

பிறகு என்ன சிக்கல்?

குந்தாவுக்கு 2007-லேயே சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இன்னொரு பக்கம், அதே மலையில் 1,000 மெகாவாட் சில்லஹல்லா திட்டம். இதற்குப் புதிதாக அணைகள் கட்ட வேண்டும். காய்கறித் தோட்டமும் தேயிலையும் மூழ்கிவிடும் என்று உள்ளூர் விவசாயிகள் எதிர்க்கிறார்கள்.

அவர்கள் பயம் நியாயமானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பல இடங்களில் மண் சரிந்தது. அந்த மலையை மேலும் குடைவதற்கு முன் யோசிக்க வேண்டாமா?

1932-ல் பைக்காரா தொடங்கி சமவெளிக்கு மின்சாரம் தந்துவரும் மலை இது. முதலில் குந்தாவை முழுசாக ஓடவிட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் அணைகளில் வேறு எந்த இரண்டை இப்படி இணைக்கலாம் என்று பார்க்க வேண்டும். மின்சாரம் அதிகம் செலவாகும் நகரங்களின் பக்கத்திலேயே பேட்டரி நிலையங்கள் வர வேண்டும். இதெல்லாம் போதாதபோதுதான் சில்லஹல்லா பற்றிப் பேச வேண்டும். அதுவும் அந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து. சென்னையின் ஏசி ஓட, ஒரு கேரட் தோட்டம் மூழ்க வேண்டியதில்லை.