இருமலுக்கு அபராதம்

தூண்டில் போடும் கனவான்களிடம் ஒரு மௌன விரதம் உண்டு. பரிசலில் ஏறியதும் உதட்டின்மேல் விரலை வைத்துவிடுவார்கள். "பேசாதே, மீன் ஓடிவிடும்" என்பது அவர்களுடைய மூல மந்திரம். அதில் கால்வாசி உண்மை; முக்கால்வாசி அதிகாரம். அந்த முக்கால்வாசியோடுதான் எனக்குச் சண்டை.

சென்ற தை மாதம், அம்மா மண்டபத்துக்கு மேற்கே, கம்பரசம்பேட்டைத் தடுப்பணையில் தேங்கிய காவேரியில் ஒருவர் மீன் பிடிக்கப் போனார். (அவர் கன்டோன்மெண்ட் வாசி. ஸ்ரீரங்கத்தார் என்மேல் வருத்தப்பட வேண்டாம்.) வேடிக்கை பார்க்க நானும் போனேன். மூன்று மணி நேரத்தில் ஒரு கெண்டைக் குஞ்சுகூட அகப்படவில்லை. பரிசல்காரப் பெரியவர் நடுவில் இரண்டு தடவை இருமினார். கரையேறியதும் கனவான், "நீ இருமின இருமல்லதான் மீனெல்லாம் ஓடிப்போச்சு" என்று சொல்லிக் கூலியில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார். தகப்பன் வயதுக்காரரை 'நீ' என்றதற்குத் தனிக் கட்டணம் இல்லை போலிருக்கிறது. பெரியவர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார். நான் வாதாடிப் பார்த்தேன், பயனில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

காற்றில் பிறந்த ஓசை நீர்ப்பரப்பின்மேல் விழுந்தால், அதன் வலுவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மற்றதெல்லாம் வந்த வழியே திரும்பிவிடும். பரிசலின் அடியில் இடித்த ஓசையோ நேரே தண்ணீருக்குள் இறங்கி, வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் அதன் ஓட்டம் 340 மீட்டர்தான்.

கனவான் என்ன செய்தார்? பூட்ஸ் காலோடு ஏறினார். பைபர்கிளாஸ் பரிசலின் அடித்தட்டில் எவர்சில்வர் டிபன் கேரியரை 'ணங்' என்று வைத்தார். தூண்டிலை வீசும்போதெல்லாம் எழுந்து நின்று கால் மாற்றினார். தெளிந்த தண்ணீருக்கு மேலே அவருடைய வெள்ளைச் சட்டை வேறு மீன்களுக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தது.

மீனுக்குக் காது உண்டு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையிலிருந்து உட்காதுவரை சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. பை மத்தளம்போல் அதிர, எலும்புகள் அதைக் காதில் கொண்டு சேர்க்கின்றன. ஜெர்மானிய அறிஞர் வெபர் இதை 1820-லேயே எழுதிவிட்டார். 1923-ல் கார்ல் வான் பிரிஷ், சீட்டியடித்தால் வருகிற ஒரு கெளுத்தியைப் பற்றி எழுதினார். "பார்த்தீரா, மேலே எழுந்த ஓசை மீனுக்குக் கேட்டிருக்கிறதே!" என்று கனவான் இதைப் பிடித்துக்கொள்ளலாம். தாராளமாகப் பிடித்துக்கொள்ளட்டும். அந்த மீன் சீட்டியைக் கேட்டு ஓடவில்லை, ஐயா. இரை கிடைக்கும் என்று பக்கத்தில் அல்லவா வந்தது!

பெரியவருக்கு வெபரைத் தெரியாது. ஆனால் ஓசை அவர் தொழிலில் ஒரு கருவி. வலையை வளைத்துப் போட்டுவிட்டுத் துடுப்பால் தண்ணீரை அறைந்து மீனை வலைப் பக்கம் விரட்டுகிறவர் அவர். எந்தச் சத்தத்துக்கு மீன் ஓடும் என்று அவருக்கா பாடம் சொல்வது? அன்று மூன்று மணி நேரமும் துடுப்பைப் பரிசலின் விளிம்பில் ஒரு தடவைகூட இடிக்காமல் அவர் தள்ளியதை நான் பார்த்தேன். கனவான் பார்க்கவில்லை, உதட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

இருமல் தொல்லை வேண்டாமென்று இப்போது சொந்தமாக மோட்டார்ப் படகு வாங்கப்போகிறாராம். வாங்கட்டும், மோட்டார் இருமாது அல்லவா! அதற்கு முன்னால் பெரியவருடைய நூறு ரூபாயைக் கொடுத்துவிடட்டும்.