குளிக்கத் தடை

போன ஆடி மாதம் குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தோம். நானும் மனைவியும், மகள், மாப்பிள்ளை, 17 வயதுப் பேரன் என்று ஐந்து பேர். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் விழுப்புரம் வந்து, இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் தென்காசியில் இறங்கினோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போதே முகத்தில் சாரல் விழுந்தது. மேற்கே மலையைப் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. பேரனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அறையில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேரருவிக்குப் போனால், அங்கே கயிறு கட்டியிருந்தது. நாலைந்து போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அருவியில் குளிக்கத் தடை. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய அருவி செம்மண் கரைத்ததுபோல் இருந்தது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருநூறு பேராவது இருப்பார்கள். ஒருவர் இளம் போலீஸ்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "கோயம்புத்தூர்ல இருந்து ராத்திரி பூரா கார் ஓட்டிட்டு வந்திருக்கேன். ஓரமா நின்னு ரெண்டு நிமிஷம் நனைஞ்சிட்டுப் போறேன், உங்களுக்கு என்ன நஷ்டம்?" அந்தப் பையன் பொறுமையாகத்தான் பதில் சொன்னான். "எனக்கு நஷ்டம் இல்ல ஐயா. உங்களுக்குத்தான்." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் சிரிக்கவில்லை. என் மாப்பிள்ளையும் என் காதருகே வந்து, "ஐந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கோம் மாமா, இப்படிப் பண்றாங்களே" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. 1978-ல் இதே ஊரில் நானும் அப்படித்தான் பேசினேன். அதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அலுவலக நண்பர்கள் நாலு பேர், மீட்டர் கேஜ் ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தோம். பேரருவியில் கூட்டம் என்று, மலையேறிச் செண்பகாதேவி அருவிக்குப் போனோம். அந்தக் காலத்தில் நடந்தே போய்விடலாம். தலைக்கு மேல் நல்ல வெயில். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. பாறைமேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து நின்று, "மேல கறுத்துக் கெடக்கு. ஏறி வாங்கய்யா" என்றார். நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். ஆகாயம் நீலமாக இருந்தது. "வெயில் அடிக்குதே பெரியவரே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டவன் நான்தான்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. முதலில் சருகுகள் வந்தன. பிறகு சுள்ளிகள். தண்ணீர் டீ நிறமாக மாறியது. சத்தம் மாறியது. அதுவரை சளசள என்று கேட்டது அடிவயிற்றில் அதிர ஆரம்பித்தது. மூன்று பேர் எப்படியோ ஏறிவிட்டோம். நாலாமவனுக்குக் கால் வழுக்கி, ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினான். அந்தப் பெரியவர்தான் குப்புறப் படுத்துத் தன் துண்டை நீட்டி, நாங்கள் மூவரும் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, அவனை இழுத்துப் போட்டார். நண்பனுடைய கைக்கடிகாரமும் முழங்கால் தோலும் போயிற்று. உயிர் இருந்தது. கீழே இறங்கி வந்து பரோட்டா தின்றபோது நாலு பேருக்கும் கை நடுங்கியது. ஊருக்குப் போய் வாயே திறக்கக்கூடாது என்று பேசிக்கொண்டோம். அந்தப் பெரியவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

குற்றாலத்தில் இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டிவிட்டு, மிச்சத்தை ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் தள்ளுகிறது. அதுதான் சாரல். அருவியாக விழுவது சிற்றாறு. அது மலைமேல் ஓடும் தூரம் குறைவு, சரிவோ அதிகம். மேலே கொட்டிய மழை கீழே வந்துசேர நாழிகைக் கணக்கு வேண்டியதில்லை, நிமிஷக் கணக்குப் போதும். மேலே மழை பெய்யும்போது கீழே வெயிலே அடிக்கலாம். பேரருவியில் சாதாரண நாளில் தண்ணீர் நடுவில் இருக்கும் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் தலையில் விழுகிறது. அதனால்தான் அந்த அடி சுகமாக இருக்கிறது. வெள்ளம் வரும்போது அந்தத் தணிப்பு போதாது. கல்லும் மரக்கட்டையும் சேர்ந்து வரும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். சீசன்கூடத் தொடங்கவில்லை, கோடை மழைதான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் திடீர் வெள்ளத்தைக் கண்டு தட்டுத்தடுமாறி ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். என் பேரனுக்கு இப்போது அதே வயது. கயிற்றின் முன்னால் நின்றபோது எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவுதான் வந்தது.

குற்றாலம் மட்டும் இல்லை. 2015 மே மாதம் சதுரகிரி மலைக்குச் சாமி கும்பிடப் போனவர்கள் ஓடையில் வந்த வெள்ளத்தில் சிக்கினார்கள், சிலர் இறந்தும் போனார்கள். கோயிலுக்குப் போகிறவர்களிடம் தடை என்று சொன்னால், "சாமி பார்த்துக்குவார்" என்பார்கள். சாமி ஒரு போலீஸ்காரரை அனுப்பித்தான் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தால் என்ன?

மறுநாளும் தடை நீங்கவில்லை. கார் பிடித்துக் கடையம் வழியாகப் பாபநாசம் போனோம். கடையம் பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். 1918-ல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி அதன்பின் இங்கேதான் சுமார் இரண்டு வருஷம் இருந்தார். பாபநாசத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1910 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் வாழ்ந்து, அங்கிருந்தபடியே திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வ.வே.சு. ஐயர், பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவிக்கு வந்தபோது மகள் சுபத்திரை தண்ணீரில் விழ, அவளைக் காப்பாற்ற ஐயரும் குதித்தார். இருவருமே திரும்பவில்லை. லண்டனில் இருந்தபோது பிரிட்டிஷ் போலீசின் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்த மனிதர் அவர். தைரியத்துக்கு என்ன குறைவு? தண்ணீருக்கு அது தெரியாது. அருவிச் சாவு ஒன்றோடு நிற்பதில்லை, காப்பாற்றப் போகிறவரையும் இழுக்கும் என்று பேரனிடம் சொன்னேன். "ஓரமாக நின்று நனைகிறேன்" என்பவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. அவருக்காகக் குதிக்கப்போகும் தகப்பனையும் நண்பனையும் அந்த இளம் போலீஸ்காரரையும் சேர்த்தே வைக்கிறார்.

அங்கிருந்து மேலே போனால் முண்டந்துறை. 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம்தான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் காரை நிறுத்திப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அங்கே ஒருவரும் சண்டை போடவில்லை. புலிக்காக என்றால் அடங்கிப் போகிறோம், நமக்காக என்றால் முறைத்துக்கொள்கிறோம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். பள்ளிச் சுவரில் "தெஃபான்ஸ்" என்று தொடங்கும் பலகை இருக்கும். இங்கே இன்னது செய்யக்கூடாது என்று பொருள். அதே சொல்லுக்குப் பாதுகாப்பு என்றும் பொருள் உண்டு. தேசத்தைக் காப்பதும் தெஃபான்ஸ்தான். ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள் என்று எங்கள் முசியேயைக் கேட்டேன். "உன் அம்மா அடுப்புப் பக்கம் போகாதே என்கிறாளே, அது எது?" என்று திருப்பிக் கேட்டார். அப்போது புரிந்த மாதிரி தலையாட்டினேன். உண்மையில் புரிந்தது இந்த வயதில்தான். நம் தமிழிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கட்டுப்பாட்டுக்கே காப்பு என்றுதான் பெயர்.

ஆகவே தடையை மதியுங்கள் என்பது என் கட்சி. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காகிதம் புரட்டியவன் என்பதால், தடை போடுகிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, காரணத்தைச் சொல்ல வேண்டும். வெறும் "தடை" என்ற பலகை அதிகாரமாகத் தெரியும். "மேலே மழை, தண்ணீர் வளைவைத் தாண்டிவிட்டது, காலை ஆறு மணி முதல் தடை" என்று எழுதினால் அது செய்தியாகிவிடும். செய்தியோடு யாரும் சண்டை போடுவதில்லை.

இரண்டாவது, கயிற்றுக்கு முன்னால் வந்த பிறகு சொல்வது தாமதம். தென்காசி ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று ஒவ்வொன்றின் நிலைமையும் பெரிய பலகையில் தெரிய வேண்டும். மலைமேல் நீர்மட்டம் பார்க்கக் கருவியும், கீழே ஊத ஒரு சங்கும் ஒவ்வொரு அருவிக்கும் அவசியம். 1978-ல் எங்களுக்கு ஒரு பெரியவர் இருந்தார். எல்லாப் பாறையிலும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

மூன்றாவதுதான் முக்கியம். தடை போட ஒரு கையெழுத்துப் போதும். தடையை எடுக்க ஐந்து மேசை தாண்ட வேண்டும். எடுத்த பிறகு ஏதாவது நடந்தால் எடுத்தவர் தலை உருளும், எடுக்காமல் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். இது எந்த அலுவலகத்திலும் நான் கண்டதுதான். ஆபத்து போன பிறகும் கயிறு கிடந்தால், அடுத்த முறை உண்மையான ஆபத்திலும் ஜனங்கள் அதைத் தாண்டுவார்கள். தேவைப்படும்போது உடனே போட வேண்டும், தேவை தீர்ந்ததும் அதே வேகத்தில் எடுக்க வேண்டும். அந்தக் கயிறு கார் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கும் பஸ்ஸில் வந்தவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நமக்கும் ஒன்று. ஒரு பகலில் ஏழு இடம் என்று திட்டம் போட்டு வருகிறவர்களுக்குத்தான் தடை பெரிய நஷ்டம். இரண்டு நாள் கூட வைத்துக்கொண்டு வாருங்கள். அருவி மூடியிருந்த நேரத்தில் நாங்கள் சித்திர சபையைப் பார்த்தோம். நடராஜரின் ஐந்து சபைகளில், அவர் ஓவியமாகவே இருக்கும் சபை அது. தென்காசிக் கோயில் கோபுர வாசலில், முதலில் முகத்தில் எதிர்க்கும் காற்று சில அடி போனதும் முதுகைத் தள்ளுவதைப் பேரன் மூன்று தடவை போய்வந்து சோதித்தான். அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைப் பழுது பார்த்துக் காப்பவர்கள் எவரோ அவர்கள் காலில் விழுகிறேன் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறான். ராஜாவே காலில் விழுந்திருக்கிறான், நமக்கு ஒரு கயிற்றின் இந்தப் பக்கம் நிற்பது கௌரவக் குறைச்சலா? பிறகு மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கித் தின்றோம். பார்டரில் பரோட்டா. பொழுது போனதே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தடை நீங்கியது. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, பத்து நிமிஷம் குளித்தோம். என் முதுகில் தண்ணீர் விழுந்தபோது வயதில் பாதி கரைந்துபோனது. திடீரென்று விசில் சத்தம் கேட்டது. மேலே பார்த்தேன், தண்ணீரில் லேசாக நிறம் மாறியிருந்தது. மாப்பிள்ளை இன்னும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். பேரன் அவர் கையைப் பிடித்து, "அப்பா, வாங்க" என்று வெளியே இழுத்து வந்தான். பிறகு திரும்பி வந்து என் கையையும் பிடித்தான்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அந்த விசில் ஊதிய போலீஸ்காரரிடம் போனேன். முதல் நாள் பார்த்த அதே பையன்தான். இந்தத் தடவை மறக்காமல் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.