சூசன்னாவின் வழக்கும் நம் அலுவலகங்களும்

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் சூசன்னாவின் வரலாறு வாசிக்கப்படுவதை நாம் அறிவோம். நீதி வழங்க அமர்த்தப்பட்ட முதியோர் இருவர் அவரைத் தம் இச்சைக்கு இணங்குமாறு நெருக்கினர்; அவர் மறுக்கவே, அவர்மீதே பழி சுமத்தினர். கூடியிருந்த சபை முதியோரின் பதவியை நோக்கியதேயன்றி, உண்மையை நோக்கவில்லை. மரணத் தீர்ப்பும் அளித்துவிட்டது. அப்போது இளைஞரான தானியேல் குறுக்கிட்டார். முதியோரைத் தனித்தனியே நிறுத்தி, எம்மரத்தடியில் கண்டீர் என வினவினார். ஆளுக்கொரு மரத்தைக் கூறி இருவரும் அகப்பட்டனர்.

சூசன்னாவின் மன்றாட்டை ஆண்டவர் கேட்டருளினார். ஆனால் அவரைக் காக்கத் தானியேல் கையாண்ட வழி முறையான விசாரணையே. இதுவே இம்மாதம் நம் சிந்தனைக்குரியது.

நம் குடும்பப் பெண்கள் பலர் அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் அங்கன்வாடிகளிலும் பணியாற்றுகின்றனர். மேலதிகாரியின் தகாத பேச்சையோ தீண்டலையோ ஒரு பெண் வீட்டில் கூறினால், "வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்" என்றே பெரும்பாலும் விடை வருகிறது. மானம் இழக்க வேண்டியவர் யார்? குற்றம் இழைத்தவரா, அதனைத் தாங்கியவரா?

ராஜஸ்தான் அரசின் மகளிர் வளர்ச்சித் திட்டத்தில் பணியாற்றிய எளிய பெண் ஒருவர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றமைக்காக 1992இல் தாம் வன்கொடுமைக்கு ஆளானதாக முறையிட்டார். அதன் விளைவாக எழுந்த விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் பாராளுமன்றம் அவற்றைச் சட்டமாக்கியது.

அச்சட்டம் கூறுவதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் ஒவ்வோர் அலுவலகத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த நிலையிலுள்ள பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிப் பேரேனும் பெண்களாகவும், ஒருவர் வெளியாராகவும் இருத்தல் வேண்டும். சிறிய அலுவலகங்களுக்கும், தலைமைமீதே எழும் புகார்களுக்கும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. நிகழ்ந்த 3 மாதத்திற்குள் புகார் எழுத்தில் தரப்பட வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத இயலாதவர்க்கு எழுதி உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிதல் வேண்டும். அதுவரை, பெண் எழுத்தில் கேட்டுக்கொண்டால், அவருக்கோ எதிரிக்கோ இடமாற்றம் அளிக்கவும், அவருக்கு 3 மாதம்வரை விடுப்பு வழங்கவும் குழு பரிந்துரைக்கலாம். பெண் விரும்பினாலன்றிச் சமரசம் கூடாது. பணம் கொடுத்துச் சமரசம் செய்வதோ அறவே கூடாது.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 2021இல் தமிழகக் காவல்துறையின் பெண் அதிகாரி ஒருவர், தம் மேலதிகாரிமீது புகார் அளிக்கச் சென்னை நோக்கிச் சென்றபோது வழியிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார். அவர் தளரவில்லை. 2023இல் விழுப்புரம் நீதிமன்றம் அம்மேலதிகாரிக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சீருடையும் அதிகாரமும் உடையவருக்கே இந்நிலை எனில், அலுவலகம் பெருக்கும் தொழிலாளிப் பெண்ணின் நிலை என்ன?

"பொய்ப்புகாரும் வருமே" என்பார் உளர். சூசன்னாவின் வரலாற்றில் பொய்யுரைத்தோர் அதிகாரத்தில் இருந்தோரே என்பதை அவர்கள் நினைவில் கொள்ளட்டும். தெரிந்தே பொய்ப்புகார் அளிப்பவர்மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மெய்ப்பிக்க இயலவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நீதி உண்டு. கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், குழு அவசரப்பட்டு, எதிரிக்குப் போதிய வாய்ப்பளியாமல் விசாரணையை முடித்தது கண்டு, 2023இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கி, மீண்டும் விசாரிக்கப் பணித்தது. அவசர விசாரணை எதிரிக்கு அநீதி. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்ணுக்கும் அநீதியே.

ஆதலின் பெற்றோரே, கணவன்மாரே, உங்கள் வீட்டுப் பெண் வாய்திறக்கும்போது முதலில் செவிகொடுங்கள். நாளும் நேரமும் குறித்துவைக்கத் துணைநில்லுங்கள். குழுவில் இடம்பெற்றோரே, பெயர்களை வெளியிடாதீர், பதவிக்கு அஞ்சாதீர், இருதரப்பையும் பொறுமையாகக் கேளுங்கள். அலுவலகத் தலைவர்களே, குழு அமைத்ததாகக் கோப்பில் எழுதுவதோடு நின்றுவிடாதீர். திருச்சபையின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோரே, இச்சட்டம் நமக்கும் உரியது. பிறரைவிட நாமே அதனை முந்திக் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பாபிலோனில் அன்று அத்தனை பேர் கூடியிருந்தும், எழுந்து கேள்வி கேட்டவர் ஒருவரே. நம் அலுவலகங்களில் அந்த ஒருவர் நம் பங்கு மக்களுள் ஒருவராக இருப்பாராக.