முதலில் தண்ணீரைக் குறையுங்கள்



சென்ற இதழில் வீட்டு மீன் தொட்டிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் இருக்கிறது: பெரிய தொட்டி, மூலையில் கசிகிறது, உள்ளே மீன்கள், என்ன செய்வது? ஒரு வாசகி தன் நான்கடித் தொட்டியின் கீழே பழைய வேட்டியை விரித்து, காலையும் மாலையும் பிழிந்து போடுவதாக எழுதியிருக்கிறார். படித்ததும் பதறிவிட்டது. இந்தப் பக்கம் அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும்.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி நிரம்பினால் சுமார் 255 லிட்டர். கால் டன் எடை. முன்பக்கக் கண்ணாடியை அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 125 கிலோ விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது சில மில்லிமீட்டர் சிலிகான் மட்டுமே. ஆனால் நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு. தண்ணீரின் உயரத்தைப் பாதியாக்கினால் இந்த விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. அதனால் கசிவைக் கண்டதும் சிலிகான் பேஸ்ட் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, குழாய் போட்டுத் தண்ணீரை இறக்குங்கள். ஹீட்டரை முதலில் அணைப்பது முக்கியம். சூட்டோடு தண்ணீருக்கு வெளியே நின்றால் அதன் கண்ணாடி வெடித்துவிடலாம்.

இறக்கும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மீன்கள் தங்கப்போவது அதில்தான். புது பிளாஸ்டிக் டப் ஒன்றில் அதை நிரப்பி மீன்களை மாற்றுங்கள். குளியலறையில் புழங்கிய டப் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் சோப்பு விடாது. மேலே வலை கட்டுங்கள், இடம் மாறிய மீன் துள்ளும். பலரும் கோட்டை விடுவது ஃபில்டரில். அழுக்காகத் தெரிகிறதே என்று ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசி வெயிலில் காயவைத்துவிடுவார்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் குடியிருப்பது அந்த ஸ்பாஞ்சில்தான். அது காய்ந்தாலோ, குளோரின் தண்ணீர் பட்டாலோ அவை செத்துப்போகும். தொட்டியை அருமையாகப் பழுதுபார்த்து முடித்தபின் ஒரு வாரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதே ஃபில்டரை டப்பில் ஓடவிடுங்கள். ஏர் பம்பும் ஓடட்டும். தீனியைக் குறையுங்கள்.

இனி கசிவு எங்கே என்று பார்க்கலாம். ஈரம் தெரிகிற இடம் ஓட்டை இருக்கிற இடமாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் அடிவிளிம்பிலேயே ஓடி வேறு மூலையில் சொட்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில், கசிந்து காய்ந்த தடத்தில் விபூதிக் கோடு போல வெள்ளை படிந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் இடம் அகப்படும்.

வெளிப்பக்கமாகப் பேஸ்ட் அப்புவது வீண் வேலை. உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் அதையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். உள்பக்கம்தான் பூச வேண்டும். அதுவும் பழைய சிலிகானின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பிளேடால் பழையதைக் கண்ணாடி தெரியச் சுரண்டி, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்ட பிறகே பூச வேண்டும். கசிந்த இடத்தில் மட்டும் பூசினால் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மறுபடி விடும். உள்விளிம்பு முழுவதையும் புதிதாகப் போடுவதே நல்லது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகான் மீனுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்கு என்று அச்சிட்ட டியூபையே கேட்டு வாங்குங்கள்.

பூசியதும் வினிகர் நெடி அடிக்கும். சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுகிறது, நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். மேல்தோல் அரை மணிக்குள் காய்ந்துவிடுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஒரு வாரம் விடுங்கள். பிறகு வாசலிலோ மொட்டை மாடியிலோ சமதளத்தில் வைத்து, நிரப்பி, இரண்டு நாள் பாருங்கள்.

கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் இடுக்கிலேயே காற்றுக் குமிழியோ வெள்ளைத் திட்டோ தெரிந்தால் நிலைமை வேறு. அது தொட்டியைப் பிரித்து ஒட்ட வேண்டிய வேலை. தொட்டி செய்கிறவரிடம் விட்டுவிடுங்கள். சென்னைக்காரர்களுக்கு அப்படிப்பட்டவர்கள் கொளத்தூரில் கிடைப்பார்கள். ஸ்டாண்டையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு கால் தாழ்ந்திருந்தால் எந்த ஒட்டும் நிற்காது.

தொட்டி உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பெர்லின் ஓட்டல் ஒன்றிலிருந்த அக்வாடோம் என்னும் ராட்சதத் தொட்டி உடைந்து, பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை கொட்டியது. ஏறத்தாழ 1,500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. ஒட்டு விட்டிருக்கலாம் என்பது, ஆராய்ந்தவர்கள் சொன்ன சாத்தியங்களில் ஒன்று. ஆனால் வீட்டுத் தொட்டி பல நேரம் முன்கூட்டியே சொட்டிக் காட்டிவிடுகிறது.

வேட்டி பிழியும் சகோதரிக்கு: இந்த இதழ் கைக்கு வந்த அன்றே தண்ணீரைப் பாதியாக்கிவிடுங்கள், அம்மா. மற்றவர்களும் ஒரு டிஷ்யூ காகிதத்தைத் தொட்டியின் அடிவிளிம்பில் நாலு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்