வீட்டுக் கடனுக்கு ஒரு தரகர்

நல்லூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் சகோதரிகளிடம் கேட்டுப் பாருங்கள். சொந்த வீட்டில் ஆசை இல்லாதவர் ஒருவரும் இரார். ஆசை இருந்தென்ன? பலருக்கு வாரக் கூலி, அதுவும் ரொக்கம். பாங்கியிலோ சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். பீஸ் கணக்கில் ஓவர்லாக் தைப்பவருக்குச் சீட்டு ஏது?

இங்கேதான் கடன் ஏஜெண்டு உபயோகப்படுகிறார். சீட்டு இல்லாவிட்டாலும், கணக்கில் பணம் போட்டு எடுத்த விதத்தைப் பார்த்துக் கடன் தரும் கம்பெனி எது என்பது அவருக்குத் தெரியும். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம் இவற்றில் எது குறைகிறதென்று முன்னாலேயே சொல்லிவிடுவார். நல்லூர் நகராட்சி 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்ததல்லவா? பழைய ரசீதில் ஒரு பெயர், புதியதில் ஒரு பெயர் என்று நாம் விழிக்கும்போது அவர் விழிக்கமாட்டார். அரை நாள் கூலியை விட்டுப் படியேறி இறங்கும் அலைச்சலும் மிச்சம்.

ஆனால் அவருக்குக் கமிஷன் தருவது கடன் கொடுக்கும் இடம். கமிஷன் கூடுதலான பக்கம் மனம் சாய்வது மனித சுபாவந்தானே! உங்களிடமும் பணம் கேட்டால் ரசீதில்லாமல் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

ரிசர்வ் பாங்கி உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல், கடனின் முக்கிய விவரத் தாளை உங்களுக்குப் புரியும் பாஷையிலேயே தரவேண்டும். வட்டியும் மற்றச் செலவுகளும் சேர்ந்து வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம் என்று அதில் இருக்கும். யோசிக்க மூன்று வேலை நாளாவது உண்டு. ஏஜெண்டிடம் சொல்லி இரண்டு இடத்துத் தாளை வாங்குங்கள். இரவுச் சமையல் முடிந்ததும் அருகருகே வைத்து, அந்தச் சதவிகிதத்தை முதலில் பாருங்கள்.